சர்க்யூட் படம் கிடைக்காத பவர் சப்ளை போர்டு: பழுது கண்டுபிடிக்க 34 குறிப்புகள்

நேற்றுவரை ஓடிய டிவியோ, செட்டாப் பாக்ஸோ, வாஷிங் மெஷினோ இன்று ஒரு சின்ன விளக்குகூட எரியாமல் நின்றுபோனால், முதலில் சந்தேகப்பட வேண்டியது அதன் பவர் சப்ளையை. கடைக்குக் கொண்டுபோனால், “இந்த போர்டுக்கு சர்க்யூட் படம் கிடைக்காதுங்க, போர்டையே மாத்திடலாம்” என்பார்கள். புது போர்டின் விலையைக் கேட்டதும் பலர் பொருளையே பழைய சாமான் கடையில் போட்டுவிடுகிறார்கள். சில ரூபாய் மதிப்புள்ள ஒரு ரெசிஸ்டருக்காக ஒரு டிவி குப்பைக்குப் போவது வருத்தமான விஷயம்.

படம் இல்லாவிட்டாலும் வேலை செய்யலாம். இன்றைய வீட்டுச் சாதனங்களில் பெரும்பாலானவை எஸ்எம்பிஎஸ் வகை சப்ளையில் ஓடுகின்றன. கம்பெனி எதுவானாலும் கரண்ட் போகும் வழி ஏறக்குறைய ஒன்றுதான்: ஃபியூஸ், பிரிட்ஜ், பெரிய கெப்பாசிட்டர், மாஸ்ஃபெட், டிரான்ஸ்ஃபார்மர், மறுபக்கத்து டையோடு, அவுட்புட் கெப்பாசிட்டர், அங்கிருந்து திரும்பிவரும் ஃபீட்பேக். இந்த வரிசையில் அளந்துகொண்டே போனால் பழுது எங்கோ ஓரிடத்தில் பிடிபட்டுவிடும். அளக்காமல் எதையும் மாற்றாதீர்கள். கீழே வரும் குறிப்புகளுக்கெல்லாம் அடிப்படை அதுதான். மல்டிமீட்டரும் சால்டரிங் அயர்னும் கைப்பழக்கம் உள்ளவர்களுக்காக எழுதப்பட்டவை இவை. அந்தப் பழக்கம் இல்லாதவர்கள் மூடியைத் திறக்காமல், படித்து வைத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் பேசப் பயன்படுத்தலாம்.

உயிர் முக்கியம்

1. பிளக்கைக் கழற்றிவிட்டால் ஆபத்து தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். 230 வோல்ட் ஏசியை டிசியாக மாற்றும்போது பெரிய கெப்பாசிட்டரில் சுமார் 325 வோல்ட் ஏறி நிற்கும். நன்றாக ஓடும் சப்ளையில் அது சீக்கிரம் இறங்கிவிடும். பழுதான சப்ளையில் அதை இழுத்துக்கொள்ள ஆள் இல்லாததால், பிளக்கைப் பிடுங்கி நெடுநேரம் கழித்தும் ஆளைத் தூக்கிப் போடும் அளவுக்கு நிற்கும். ஓடாத போர்டுதான் அதிக ஆபத்தானது.

2. அந்த கெப்பாசிட்டரை ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யக் கூடாது. தீப்பொறி பறக்கும், போர்டின் செம்புக் கோடு பிய்ந்து போகும். 10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இரு முனைகளிலும் நல்ல உறையுள்ள ஒயரைப் பற்றவைத்து, கெப்பாசிட்டரின் இரு கால்களிலும் பத்து விநாடி வைத்திருங்கள். 100 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் ஐந்து விநாடியிலேயே கிட்டத்தட்ட காலியாகிவிடும். பிறகு மீட்டரில் அளந்து, 5 வோல்ட்டுக்குக் கீழே வந்த பின்பே கை வையுங்கள்.

3. மலிவு மீட்டரை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். 600 வோல்ட் கேட் 3 என்று அச்சிட்ட மீட்டரும், உறை வெடிக்காத ப்ரோப் ஒயர்களும் வேண்டும். “வோல்டேஜ் இல்லை” என்று மீட்டர் காட்டினால் உடனே நம்பாமல், வோல்டேஜ் இருப்பது நிச்சயமாகத் தெரிந்த இடத்தில் ஒருமுறை வைத்துப் பாருங்கள். செத்துப்போன மீட்டரும் பூஜ்யம்தான் காட்டும்.

4. சீரிஸ் பல்பு போர்டு ஒன்று செய்து வைத்துக்கொள்ளுங்கள். 60 வாட் குண்டு பல்பு ஒன்றை லைனில் தொடராகச் சேர்த்து, அதன் வழியாகவே சோதிக்கும் பொருளுக்கு கரண்ட் கொடுக்க வேண்டும். எல்இடி பல்பு இதற்கு உதவாது. பல்பு ஒரு கணம் மின்னி மங்கினால் கெப்பாசிட்டர் சார்ஜ் ஆனது, பெரிய ஷார்ட் இல்லை என்று அர்த்தம். முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். கொஞ்சமும் மின்னவில்லை என்றால் ஃபியூஸ் பக்கத்தில் எங்கோ வழி அறுந்திருக்கிறது.

5. சீரிஸ் பல்பு போர்டைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. வேலை செய்யும் பிளக்குக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருப்பது நல்லது. ஆனால் ஒரு கையில் லைனும் இன்னொரு கையில் நியூட்ரலும் பட்டால் அது டிரிப் ஆகாது. கெப்பாசிட்டரில் தேங்கிய வோல்டேஜையும் அது தடுக்காது. அதனால் கரண்ட் உள்ளபோது ஒரு கையால் மட்டும் அளவெடுங்கள். காலில் காய்ந்த ரப்பர் செருப்பு இருக்கட்டும். வீட்டில் இன்னொருவர் கூப்பிடும் தூரத்தில் இருக்கட்டும். குழந்தைகள் அந்த அறையிலேயே வேண்டாம்.

6. மைக்ரோவேவ் அவனையும் பழைய பிக்சர் டியூப் டிவியையும் இந்தக் குறிப்புகளை வைத்துத் திறக்காதீர்கள். அங்கே இருப்பது ஆயிரக்கணக்கான வோல்ட். அவை அனுபவமுள்ள மெக்கானிக்கின் வேலை.

போர்டைப் படிப்பது எப்படி?

7. எதையும் கழற்றும் முன் இரண்டு பக்கமும் நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள். சால்டர் பக்கப் படத்தை போனில் இடவலமாகத் திருப்பிச் சேமித்தால் மேல் பக்கப் படத்தோடு கோடுகள் பொருந்தும். எந்தக் கால் எங்கே போகிறது என்பதைப் போர்டைப் புரட்டாமலே தேடலாம். கனெக்டர்கள் எப்படி இருந்தன என்பதற்கும் அந்தப் படமே சாட்சி.

8. போர்டை மனதில் இரண்டாகப் பிரியுங்கள். டிரான்ஸ்ஃபார்மருக்குக் கீழே செம்பே இல்லாத ஓர் அகலமான பட்டை ஓடும். சில போர்டுகளில் அங்கே நீளமாகத் துளையே வெட்டியிருப்பார்கள். அதற்கு இந்தப் பக்கம் மெயின்ஸோடு சேர்ந்த பிரைமரி, தொட்டால் ஷாக். அந்தப் பக்கம் செகண்டரி. எல்லையைத் தாண்டி நிற்பவை சிலவே: டிரான்ஸ்ஃபார்மர், நான்கு கால் ஆப்டோ கப்ளர், பெரும்பாலும் நீல நிற வட்டமாக இருக்கும் ஒரு கெப்பாசிட்டர்.

9. இரண்டு பக்கத்துக்கும் கிரவுண்ட் வேறு வேறு. பிரைமரியை அளக்கும்போது கருப்பு ப்ரோப் பெரிய கெப்பாசிட்டரின் மைனஸ் காலில் இருக்க வேண்டும். செகண்டரிக்கு அவுட்புட் கெப்பாசிட்டரின் மைனஸ். இதை மாற்றி வைத்துவிட்டு “வோல்டேஜே வரவில்லை” என்று நல்ல ஐசியைக் கழற்றுகிறவர்கள் உண்டு.

10. செகண்டரியில் எத்தனை வோல்ட் வர வேண்டும்? போர்டிலேயே துப்பு கிடைக்கும். டிவி போர்டுகளில் கனெக்டர் அருகே வோல்டேஜை அச்சிட்டிருப்பார்கள். வாஷிங் மெஷின், ஏசி போர்டுகளில் ரிலேயின் முதுகைப் பாருங்கள். அங்கே 12 வோல்ட் என்றிருந்தால் சப்ளையில் 12 வோல்ட் லைன் உண்டு. யுஎல்என்2003 ஐசி இருந்தால் அதன் 9ஆம் காலில் பெரும்பாலும் ரிலேக்கான அதே வோல்டேஜ் வரும். யுஎஸ்பி சாக்கெட் இருந்தால் 5 வோல்ட். 7805 என்றால் 5 வோல்ட், 7812 என்றால் 12 வோல்ட், 1117 என்ற எண்ணுக்குப் பின்னால் 3.3 இருந்தால் 3.3 வோல்ட்.

11. எதுவும் அச்சிடவில்லை என்றால் அவுட்புட் கெப்பாசிட்டரின் வோல்டேஜ் அளவு உதவும். 10 வோல்ட் கெப்பாசிட்டர் பொதுவாக 5 வோல்ட் லைனிலும், 16 அல்லது 25 வோல்ட் கெப்பாசிட்டர் 12 வோல்ட் லைனிலும், 35 வோல்ட் கெப்பாசிட்டர் 24 வோல்ட் லைனிலும் இருக்கும். இது ஊகம்தான். 26ஆம் குறிப்பில் உள்ள கணக்கோடு ஒத்துப்போனால் உறுதி.

12. பிரைமரியில் உள்ள ஐசியின் எண்ணைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, பக்கவாட்டில் டார்ச் அடித்து, போன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். அந்த எண்ணுக்கான டேட்டாஷீட்டில் தயாரிப்பாளரே ஒரு மாதிரி சர்க்யூட் வரைந்து கொடுத்திருப்பார். பெரும்பாலான போர்டுகள் அந்த மாதிரியைச் சற்றே மாற்றிச் செய்தவைதான். உங்களுக்குக் கிடைக்காத சர்க்யூட் படத்தின் முக்கால்வாசி அங்கே இருக்கும்.

13. எண்ணைச் சுரண்டியிருந்தால் கால்களைத் தொடர்ந்து போங்கள். சின்ன ரெசிஸ்டர் வழியாக மாஸ்ஃபெட்டின் கேட்டுக்குப் போவது அவுட்புட் கால். பெரிய கெப்பாசிட்டரின் மைனஸோடு பீப் கொடுப்பது கிரவுண்ட். ஆப்டோ கப்ளருக்குப் போவது ஃபீட்பேக். மாஸ்ஃபெட்டின் சோர்ஸில் உள்ள மிகக் குறைந்த ஓம் ரெசிஸ்டரிலிருந்து வருவது கரண்ட் சென்ஸ். 50 வோல்ட் சின்ன கெப்பாசிட்டர் ஒன்று ஒட்டியிருப்பது ஐசிக்கே சப்ளை தரும் விசிசி. நான்கைந்து கால்கள் தெரிந்தால் ஒரே வேலை செய்யும் ஐசிகளோடு ஒப்பிட்டு அடையாளம் காணலாம்.

14. எல்லா போர்டிலும் இந்தப் பிரிவினை இருக்காது. இண்டக்ஷன் அடுப்பு, பல வாஷிங் மெஷின்கள், ரிமோட் ஃபேன் ரெகுலேட்டர் ஆகியவற்றில் 5 வோல்ட் பகுதியும் மெயின்ஸோடு சேர்ந்தே இருப்பது சகஜம். அங்கே மைக்ரோகண்ட்ரோலரின் காலைத் தொட்டாலும் ஷாக் அடிக்கும். டிரான்ஸ்ஃபார்மருக்குப் பதிலாக ஒரு சின்ன காயிலோ, சதுரமான பெரிய ஃபிலிம் கெப்பாசிட்டரோ சப்ளை தருவதாகத் தெரிந்தால் போர்டு முழுவதையும் பிரைமரி என்றே வைத்துக்கொள்ளுங்கள். 8ஆம் குறிப்பில் சொன்ன எல்லை கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அப்படித்தான்.

கரண்ட் கொடுக்காமல் பார்க்க வேண்டியவை

15. முதலில் கண்ணும் மூக்கும். தலை உப்பிய கெப்பாசிட்டர், அடியில் கசிவு, கருகிய ரெசிஸ்டர், வெடித்த ஐசி, எரிந்த வாசனை. நம் ஊர் வீடுகளில் இன்னும் இரண்டைத் தேட வேண்டும்: எறும்புக் கூட்டம், இரண்டு சால்டர் முனைகளுக்கு நடுவே செத்துக் கிடக்கும் பல்லி. கடற்கரை ஊர்களில் செம்புக் கோடுகள் பச்சை பூத்து அறுந்திருக்கும். பழைய டூத் பிரஷ்ஷும் ஐசோப்ரோபைல் ஆல்கஹாலும் கொண்டு சுத்தம் செய்து, நன்றாகக் காய்ந்த பிறகே மேலே போங்கள்.

16. பாகங்கள் ஆடாமலிருக்கத் தடவிய மஞ்சள் பசை பழுப்பாகிக் கெட்டிப்பட்டிருந்தால் சுரண்டி எடுத்துவிடுங்கள். சூட்டில் பழசாகும்போது சில வகைப் பசைகள் கரண்ட் கடத்த ஆரம்பிக்கும். கால்களையும் அரித்துவிடும்.

17. ஃபியூஸின் நிலையே ஒரு செய்தி. கண்ணாடி உள்பக்கம் கருத்தோ வெள்ளிப் பூச்சாகவோ இருந்தால் கடுமையான ஷார்ட். வேறு எதுவும் பார்க்காமல் புது ஃபியூஸ் போட்டால் அதுவும் உடனே போகும். கம்பி மட்டும் மெலிதாக அறுந்து கண்ணாடி தெளிவாக இருந்தால் ஒரு கண நேர அதிக கரண்டாகவோ, வெறும் வயதாகவோ இருக்கலாம். ஃபியூஸ் நன்றாக இருந்தும் போர்டு ஓடவில்லை என்றால் மாஸ்ஃபெட் ஷார்ட் ஆகியிருக்க வாய்ப்பு குறைவு. 20ஆம், 24ஆம் குறிப்புகளைக் கவனமாகப் பாருங்கள்.

18. ஃபியூஸுக்கு அடுத்து, லைனுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே நிற்கும் தட்டையான வட்டப் பாகம் வேரிஸ்டர். 10டி471 என்றால் 10 மில்லிமீட்டர், 470 வோல்ட். வோல்டேஜ் திடீரென்று ஏறும்போது இது தன்னை ஷார்ட் ஆக்கிக்கொண்டு ஃபியூஸைப் போக்கிவிடும். வெடித்திருந்தால் அதே எண்ணில் மாற்றுங்கள். மின்னல் காலத்தில் இது இல்லாமல் போர்டை ஓட்டாதீர்கள். லைனில் தொடராக நிற்கும் 5டி-9 போன்ற இன்னொரு வட்டம் என்டிசி. ஆறிய நிலையில் 5 ஓம் அளவு காட்ட வேண்டும்.

19. அடுத்து பிரிட்ஜும் மாஸ்ஃபெட்டும். மீட்டரை டையோடு ரேஞ்சில் வைத்து, பிரிட்ஜின் நான்கு டையோடுகளையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒரு பக்கம் 0.5 முதல் 0.7 வரையும், மறுபக்கம் ஓப்பனாகவும் காட்ட வேண்டும். பிறகு பெரிய கெப்பாசிட்டரின் இரு கால்களிலும் வையுங்கள். அங்கே பீப் அடித்தால் மாஸ்ஃபெட்டின் டிரெயினும் சோர்ஸும் ஒட்டிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். மாஸ்ஃபெட்டைக் கழற்றி வெளியே அளந்து உறுதி செய்யுங்கள். மாஸ்ஃபெட் ஷார்ட் ஆகும்போது தனியாகப் போவது அரிது. சோர்ஸில் உள்ள 0.22 ஓம் போன்ற ரெசிஸ்டர், கேட் ரெசிஸ்டர், பல நேரம் ஐசியும் கூடவே போகும். இவை எல்லாவற்றையும் அளந்து, கெட்டவை அனைத்தையும் ஒன்றாக மாற்றாவிட்டால் புது மாஸ்ஃபெட் கரண்ட் கொடுத்த கணமே வெடிக்கும்.

20. ஸ்டார்ட் அப் ரெசிஸ்டரை மறக்காதீர்கள். 325 வோல்ட் லைனிலிருந்து ஐசியின் விசிசிக்கு முதல் கரண்டைக் கொண்டுவருவது இதுதான். சில நூறு கிலோ ஓம் முதல் ஒன்றிரண்டு மெகா ஓம் வரை இருக்கும். வோல்டேஜைப் பகிர்ந்துகொள்ள இரண்டு மூன்று ரெசிஸ்டர்களைத் தொடராக வைத்திருப்பார்கள். பார்வைக்குப் புதுசு மாதிரியே இருந்துகொண்டு உள்ளே ஓப்பன் ஆகிவிடும். ஃபியூஸ் நன்று, 325 வோல்ட் நன்று, ஆனால் போர்டு மவுனம் என்றால் முதல் சந்தேகம் இதன் மேல்தான்.

21. சின்ன ரெசிஸ்டர்களின் மேல் உள்ள எண்ணைப் படிக்கப் பழகுங்கள். 103 என்றால் 10க்குப் பின் மூன்று பூஜ்யம், அதாவது 10 கிலோ ஓம். 472 என்றால் 4.7 கிலோ ஓம். 1002 என்று நான்கு இலக்கம் இருந்தால் 100க்குப் பின் இரண்டு பூஜ்யம், அதுவும் 10 கிலோ ஓம்தான். போர்டில் இருக்கும்போது அளந்தால் பக்கத்துப் பாகங்கள் வழியாகவும் கரண்ட் போவதால் எண்ணைவிடக் குறைவாகக் காட்டலாம், அது பழுதில்லை. எண்ணைவிட அதிகமாகக் காட்டினால் அந்த ரெசிஸ்டர் கெட்டுவிட்டது. ஆனால் அருகில் கெப்பாசிட்டர் சார்ஜ் ஏதும் நிற்கவில்லை என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

22. செகண்டரியில் ஷாட்கி டையோடு ஷார்ட் ஆவது அடிக்கடி நடப்பது. ஒரு காலை விடுவித்து அளந்தால்தான் உண்மை தெரியும். ஷாட்கிக்கு 0.15 முதல் 0.3 வரை காட்டுவது இயல்பு. அதை ஷார்ட் என்று எண்ணிவிடாதீர்கள்.

23. கெப்பாசிட்டர் உப்பாமலும் கெட்டிருக்கும். மைக்ரோ ஃபாரட் அளவு சரியாகவே காட்டிக்கொண்டு, உள் எதிர்ப்பான ஈஎஸ்ஆர் மட்டும் ஏறியிருக்கும். 1000 மைக்ரோ ஃபாரட் 16 வோல்ட் கெப்பாசிட்டரில் ஈஎஸ்ஆர் 0.1 ஓமுக்குக் கீழேதான் இருக்க வேண்டும். ஒரு ஓமுக்கு மேல் போயிருந்தால் தயங்காமல் மாற்றுங்கள். வேலை தொடர்ந்து வருமானால் ஈஎஸ்ஆர் மீட்டர் வாங்குவது வீண் செலவு ஆகாது.

கரண்ட் கொடுத்து அளக்க வேண்டியவை

24. சீரிஸ் பல்பு வழியாக கரண்ட் கொடுத்து, முதலில் பெரிய கெப்பாசிட்டரை அளங்கள். லைனில் 230 இருந்தால் 325 அளவில் நிற்க வேண்டும். ஒன்றுமே இல்லையென்றால் ஃபியூஸ், என்டிசி, வடிகட்டும் காயில், பிரிட்ஜ் என்று பின்னோக்கி வாருங்கள். லோடு ஏறும்போது 250க்கும் கீழே சரிந்தால் கெப்பாசிட்டர் வறண்டிருக்கலாம். ஆனால் சீரிஸ் பல்பும் வோல்டேஜைத் தின்னும் என்பதால், முதலில் பெரிய வாட் பல்பு போட்டுப் பாருங்கள். அடுத்து ஐசியின் விசிசி. யுசி3842 என்றால் 16 வோல்ட்டில் விழித்து, 10க்குக் கீழே இறங்கினால் நின்றுவிடும். விசிசி பூஜ்யத்தில் இருந்தால் ஸ்டார்ட் அப் ரெசிஸ்டர் ஓப்பன், அல்லது ஐசியோ விசிசி கெப்பாசிட்டரோ ஷார்ட்.

25. டிக்... டிக்... என்று சத்தம், அல்லது விளக்கு விட்டு விட்டு மின்னுவது நல்ல அறிகுறி. பிரைமரியின் பெரும்பகுதி உயிரோடு இருக்கிறது. ஐசி கிளம்பப் பார்த்து ஏதோ காரணத்தால் நின்றுவிடுகிறது. காரணங்கள் மூன்று. செகண்டரியில் ஷார்ட், அல்லது விசிசியின் சின்ன கெப்பாசிட்டர் வறண்டுபோனது, அல்லது டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து விசிசிக்கு வரும் சின்ன டையோடு ஓப்பன். முதலில் செகண்டரி டையோடைப் பாருங்கள். பிறகு 10 முதல் 47 மைக்ரோ ஃபாரட் அளவுள்ள அந்தச் சின்ன கெப்பாசிட்டரை மாற்றுங்கள். பெரிய கெப்பாசிட்டர்களை எல்லாம் மாற்றிவிட்டு இதை விட்டுவிடுவதால் கைவிடப்பட்ட போர்டுகள் ஏராளம்.

26. படமே இல்லாத போர்டில் அவுட்புட் வோல்டேஜைக் கணக்குப் போட்டே சொல்லலாம். செகண்டரியில் ஆப்டோ கப்ளருக்கு அருகே டிஎல்431 என்ற மூன்று கால் ஐசி இருக்கும். அதன் ரெஃபரன்ஸ் காலில் 2.5 வோல்ட் நிற்கும்படிதான் சப்ளை தன்னைச் சரிசெய்துகொள்கிறது. அந்தக் காலிலிருந்து அவுட்புட் லைனுக்குப் போகும் ரெசிஸ்டரை, அதே காலிலிருந்து கிரவுண்டுக்குப் போகும் ரெசிஸ்டரால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, 2.5 ஆல் பெருக்குங்கள். மேலே 39 கிலோ ஓம், கீழே 10 கிலோ ஓம் என்றால் 3.9 கூட்டல் 1, அதாவது 4.9; அதை 2.5 ஆல் பெருக்கினால் 12.25. இது 12 வோல்ட் சப்ளை. இரண்டு ரெசிஸ்டரும் சமமாக இருந்தால் 5 வோல்ட் சப்ளை. இரண்டு லைன்களிலிருந்து ரெஃபரன்ஸ் காலுக்கு ரெசிஸ்டர் வந்தால் இந்த எளிய கணக்கு பொருந்தாது.

27. ஃபீட்பேக் பகுதியை மெயின்ஸ் இல்லாமலே சோதிக்கலாம். மிகப் பாதுகாப்பான வழி இது. பிளக்கைக் கழற்றி, கெப்பாசிட்டரைக் காலி செய்து, அவுட்புட்டில் இருக்கும் லோடு கனெக்டரையும் கழற்றிவிடுங்கள். கரண்ட் அளவைக் கட்டுப்படுத்தும் பெஞ்ச் சப்ளையை அவுட்புட் கெப்பாசிட்டரில் சேர்த்து, 12 வோல்ட் போர்டானால் 10 வோல்ட்டிலிருந்து மெல்ல ஏற்றுங்கள். பிசி817 வகை ஆப்டோவின் 3, 4 கால்களுக்கு நடுவே இன்னொரு மீட்டரில் ஓம் அளவைப் பாருங்கள். சிவப்பு ப்ரோப் 4இல் இருக்கட்டும். கணக்கிட்ட வோல்டேஜை நெருங்கும்போது ஓம் சட்டென்று விழுந்தால் டிஎல்431, ஆப்டோ இரண்டும் நன்று. 13 வோல்ட்டைத் தாண்டியும் அசையாவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள்; பழுது அந்தப் பகுதியில்தான். ஃபீட்பேக் செத்த சப்ளை அளவுக்கு மீறிய வோல்டேஜைக் கக்கி, பின்னால் இருக்கும் மதர்போர்டையும் எரித்துவிடக்கூடும்.

28. 3842 போன்ற ஐசியையும் இதே போல் மெயின்ஸ் இல்லாமல் பார்க்கலாம். விசிசியான 7ஆம் காலுக்கும் கிரவுண்டான 5ஆம் காலுக்கும் பெஞ்ச் சப்ளையிலிருந்து 18 வோல்ட் கொடுங்கள். 8ஆம் காலில் 5 வோல்ட் வந்தால் ஐசிக்கு உயிர் இருக்கிறது. வராவிட்டால் ஐசியை மாற்றுங்கள்.

29. டிவி போர்டில் 12 வோல்ட் வரவில்லை என்றதும் பழுது என்று முடிவு செய்யாதீர்கள். பல டிவிகளில் எப்போதும் இருப்பது ஸ்டாண்ட்பை வோல்டேஜ் மட்டும்தான். மதர்போர்டு “எழுந்திரு” என்று பிஎஸ்-ஆன் லைனில் சிக்னல் கொடுத்த பிறகே மற்றவை வரும். ஸ்டாண்ட்பை சரியாக இருந்து, பிஎஸ்-ஆனும் வந்து, 12 மட்டும் வராவிட்டால் பழுது பவர் சப்ளையில். பிஎஸ்-ஆனே வராவிட்டால் மதர்போர்டைப் பாருங்கள்.

30. லோடைக் கழற்றினால் வோல்டேஜ் சரியாகிறது, சேர்த்தால் விழுகிறது என்றால் சப்ளையா, லோடா என்று பிரித்தறிய வேண்டும். கார், பைக் கடையில் கிடைக்கும் 12 வோல்ட் 21 வாட் பல்பை 12 வோல்ட் லைனில் சேருங்கள். அது சுமார் ஒன்றே முக்கால் ஆம்பியர் எடுக்கும். அந்த அளவு கரண்டைத் தர வேண்டிய சப்ளை அதில் நிலையாக நின்றால் குற்றவாளி மதர்போர்டு. அங்கே 3.3 வோல்ட் போன்ற லைன் ஷார்ட் ஆகியிருந்தால், பெஞ்ச் சப்ளையில் 1 வோல்ட் மட்டும் வைத்து கரண்டை விடுங்கள். போர்டில் ஆல்கஹாலைத் தடவினால் எந்தப் பாகத்தின் மேல் முதலில் காய்கிறதோ அதுதான் சுடுகிறது. பெரும்பாலும் கடுகளவு செராமிக் கெப்பாசிட்டர் ஒன்று அங்கே இருக்கும்.

பாகம் மாற்றும்போது

31. எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் 105 டிகிரி, லோ ஈஎஸ்ஆர் வகையாக இருக்கட்டும். மைக்ரோ ஃபாரட் அதேதான். வோல்டேஜ் அதே அல்லது அதற்கு மேல். சூடு பத்து டிகிரி குறைந்தால் இவற்றின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொதுக் கணக்கு. அதனால் ஹீட் சிங்கை ஒட்டி நிறுத்தாதீர்கள். டிவியின் பின்புறக் காற்றுத் துளைகளைத் துணி போட்டு மூடாதீர்கள்.

32. 8ஆம் குறிப்பில் சொன்ன நீல கெப்பாசிட்டர் ஒய் வகையைச் சேர்ந்தது. லைனுக்குக் குறுக்கே நிற்கும் சதுரமானது எக்ஸ் வகை. இவற்றின் இடத்தில் சாதாரண கெப்பாசிட்டர் போடவே கூடாது. ஒய் வகையின் இடத்தில் போட்ட சாதாரணமானது ஷார்ட் ஆனால் மெயின்ஸ் நேராக டிவியின் உலோக சட்டத்துக்கு வந்துவிடும். ஃபியூஸுக்குப் பதில் செம்புக் கம்பி சுற்றுவதும் அதே அளவு குற்றம். அது வீட்டுக்குத் தீ வைக்கும்.

33. சென்னையில் ரிச்சி தெரு போல உங்கள் ஊரில் உதிரிபாகக் கடை இருந்தால் பழைய பாகத்தையே கையோடு கொண்டுபோய் எண்ணைக் காட்டி வாங்குங்கள். மாஸ்ஃபெட், ஐசி வகைகளில் போலிகள் அதிகம். எழுத்து தேய்ந்தாலோ, விலை நம்ப முடியாத அளவு குறைந்திருந்தாலோ வேண்டாம். பழைய போர்டுகளை வீசாமல் வைத்திருந்தால் நல்ல அசல் பாகங்கள் வீட்டிலேயே கிடைக்கும். மாற்றி முடித்ததும் டிரான்ஸ்ஃபார்மர், கனெக்டர், ஹீட் சிங்க் கால்களில் வட்டமாக வெடித்திருக்கும் ட்ரை சால்டர்களுக்குப் புது சால்டர் கொடுங்கள். முதல் ஓட்டம் சீரிஸ் பல்பில், லோடு இல்லாமல், பிறகு பல்பு லோடு, கடைசியாகத்தான் மதர்போர்டு.

34. வேலை முடிந்ததும் ஒரு தாளில் எழுதுங்கள்: ஐசி எண், ஒவ்வொரு காலிலும் அளந்த வோல்டேஜ், கனெக்டரில் எந்த ஒயரில் எத்தனை வோல்ட், எதை மாற்றினீர்கள், தேதி. அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, சூடாகாத, கரண்ட் படாத இடமாகப் பார்த்து மூடியின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். தயாரித்தவர் தராத படத்தை நீங்கள் தந்துவிட்டீர்கள். அடுத்த முறை அதைத் திறக்கப்போகும் மெக்கானிக்குக்கு அது பல மணி நேர வேலையை மிச்சப்படுத்தும். உங்களுக்கு ஒரு போர்டின் விலையை மிச்சப்படுத்தும். தெருவில் உள்ள மற்றவர்களுக்கும் நகல் கொடுங்கள்.